எங்கள் தெருவில் அந்த வருஷம் யாருமே சாகவில்லையாம்

என் அப்பா செத்துப்போனார். 2009 ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே, சொந்தக் குடிசையில், அம்மாவின் மடியில் செத்துப்போனார். பாடை கட்டியவர்கள் இருக்கிறார்கள். பறையடித்தவர்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்காகக் கொள்ளி வைத்த என் சித்தப்பா மகன் இருக்கிறான். ஊருக்கே தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாதாம். தெரியாது என்று சொல்வதும் பொய். அதற்கும் அன்றைக்கே தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அப்பா விவசாயக் கூலி. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அடுத்தவர் வயலிலேயே முதுகு வளைந்தவர். கடைசி நாலைந்து வருஷம் முதியோர் உதவித்தொகை வாங்கினார். மாதாமாதம் தபால்காரர் மணியார்டர் கொண்டுவருவார், அப்பா திண்ணையில் உட்கார்ந்து கைநாட்டு வைப்பார். அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, கிராம நிர்வாக அலுவலர் வந்துவிட்டார். எங்கள் தெருவுக்குள் வரவில்லை. முனையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையாரியை உள்ளே அனுப்பினார். “பெரியவரோட ஓஏபி ஆர்டரை வாங்கிட்டு வரச் சொன்னாரு” என்றார் தலையாரி. அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, மடித்து மடித்துக் கிழியப்போகும் அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். என்றைக்குச் செத்தார், வயது என்ன, என்ன சீக்கு என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். கேட்டது அரசாங்க ஆள், எழுதியதும் எங்கள் கண்ணெதிரே. பதிவாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அடுத்த மாதம் மணியார்டர் வரவில்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே போனார்.

இப்போது சொல்லுங்கள், கிராம ஊராட்சியில் நடக்கும் சாவைப் பதிய வேண்டிய இறப்புப் பதிவாளர் யார்? அதே கிராம நிர்வாக அலுவலர்தான். உதவித்தொகையை நிறுத்தச் சொல்லி எழுதிய கையும், சாவைப் பதிய வேண்டிய கையும் ஒரே கை. முதல் வேலையை அந்தக் கை ஒரு வாரத்தில் முடித்தது. இரண்டாவது வேலையை இந்த நிமிஷம் வரை செய்யவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது வீடு கட்டப் போனபோது. எங்கள் வீட்டுமனை மூன்று சென்ட். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மனை, பட்டா அப்பா பெயரில். 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதன்பிறகு அம்மா இருப்பது தார்ப்பாய்க்குக் கீழேதான். 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்தில் 360 சதுர அடியில் கான்கிரீட் வீடு, மூன்றரை லட்சம் ரூபாய். பட்டியலில் பெயர் சேர்க்கப் போனோம். பட்டா யார் பெயரில் என்றார்கள். அப்பா பெயரில் என்றோம். அவர் எங்கே என்றார்கள். இல்லை என்றோம். இறப்புச் சான்றிதழ் எங்கே என்றார்கள். அது இருந்தால்தான் வாரிசுச் சான்றிதழ். வாரிசுச் சான்றிதழ் இருந்தால்தான் பட்டா மாற்றம். பட்டா மாறினால்தான் வீடு.

அப்பா செத்த கையோடு அம்மாவுக்கு விதவை உதவித்தொகை கேட்டபோதும் இதே காகிதத்தைத்தான் கேட்டார்கள். கிடைக்கவில்லை என்று அப்போது விட்டுவிட்டாள். வயல் வேலைக்குப் போய்க் காலத்தை ஓட்டினாள்.

ஆனால் பாருங்கள், காகிதமே கேட்காத இடங்களும் இருக்கின்றன. அப்பா போன பிறகு வந்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நாங்கள் மனுப் போடவில்லை, சான்றிதழ் காட்டவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டு அடித்துவிட்டார்கள். 2017இல் ரேஷன் ஸ்மார்ட் கார்டு வந்தது. அதில் குடும்பத் தலைவர் என்று அம்மாவின் படம். அப்பாவின் பெயர் எங்கே போனது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வாயிலிருந்து பிடுங்க வேண்டிய இடத்திலெல்லாம் என் அப்பா செத்தவர். எங்கள் கையில் ஏதாவது வந்து சேரவேண்டிய இடத்தில் மட்டும் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

சட்டத்தை நான் படித்தேன். படிக்க வைத்துவிட்டார்கள். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். வீட்டில் நடந்த சாவை வீட்டுத் தலைவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது எட்டாம் பிரிவு. எங்கள் வீட்டில் செத்ததே வீட்டுத் தலைவர். அவர் இல்லையென்றால் நெருங்கிய உறவினர், அவரும் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் வயது வந்த மூத்த ஆண். அம்மாவும் மூன்று பெண்களுமாக இருந்த வீட்டில் அந்த மூத்த ஆணுக்கு எங்கே போவது? சரி, அம்மா தெரிவித்தாள். தெரு முனையில் நின்றவருக்குத் தலையாரி வழியாகத் தெரிவித்தாள். 21 நாள் கெடுவுக்குள்தான் தெரிவித்தாள்.

அதைவிட முக்கியமானது ஏழாம் பிரிவு. தன் எல்லைக்குள் நடக்கும் ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு இறப்பையும் பதிவாளர் தானாகவே முயன்று தெரிந்துகொண்டு பதிய வேண்டும், அதற்குக் கட்டணமோ கையூட்டோ வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. தானாகவே! எந்த அலுவலகத்திலும் இந்தப் பிரிவை எனக்கு யாரும் சொல்லவில்லை. “நீங்கதாம்மா அப்பவே பதிஞ்சிருக்கணும்” என்பதை மட்டும் எல்லோரும் சொன்னார்கள். காரணமில்லாமல் பதியத் தவறும் பதிவாளருக்கு அந்தச் சட்டம் 2023 வரை போட்டிருந்த தண்டனை என்ன தெரியுமா? 50 ரூபாய் வரை அபராதம். என் அம்மா தார்ப்பாய்க்குக் கீழே கிடப்பதற்கு அரசாங்கம் வைத்த விலை அது.

பதிவு இருக்கிறதா என்று தேடும் படலத்தைச் சொல்ல வேண்டும். இப்போது சாகிறவர்களுக்குப் பரவாயில்லை, கணினியில் ஏறிவிடுகிறார்கள். சென்னை மாநகராட்சிக்குள் செத்தவரின் சான்றிதழை வீட்டிலிருந்தே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கிராமத்துப் பழைய சாவுகள் அப்படி இல்லை. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்கச் சொன்னார். அங்கே, பழைய பதிவேடெல்லாம் சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போயிருக்கும் என்றார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில், “அந்த வருஷத்துது இன்னும் தாலுகாவுல இருக்கும், நல்லாக் கேட்டுப் பாருங்க” என்றார்கள். நடுவில் நாங்கள்.

தேதி கேட்பார்கள். அம்மாவுக்குத் தேதி தெரியாது, திதி தெரியும். “தீபாவளி முடிஞ்சு, கார்த்திகை பொறக்கல. வளர்பிறை ஏகாதசி. ஏகாதசிச் சாவு யாருக்குக் கிடைக்கும்னு ஊரே பேசிச்சு” என்பாள். எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, “ஏம்மா, பஞ்சாங்கம் பாத்தா நான் தேட முடியும்?” என்பார். பழைய பஞ்சாங்கம் வைத்திருந்த குருக்களிடம் போய் 2009 அக்டோபர் 29 என்று எழுதி வாங்கினோம். அடுத்தது பெயர். பதிவேடு பெயர் வரிசையில் இருக்காது, பதிந்த வரிசையில் இருக்கும். பட்டாவில் ஒரு பெயர், தெருவில் கூப்பிட்டது ஒரு பெயர். ராமசாமியை இராமசாமி என்று எழுதியிருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் வருஷத்தையே முதலிலிருந்து கடைசிவரை புரட்ட வேண்டும். ஒவ்வொரு வருஷத்துக்கும் தனியாகத் தேடுதல் கட்டணம்.

ஒருவழியாக அந்தக் கட்டு கிடைத்தது. சணல் கயிறு போட்டுக் கட்டிய கட்டு, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. அந்த அலுவலக உதவியாளர் நல்ல மனுஷர். நாற்காலியில் உட்காரச் சொன்னார், அவர் புரட்டப் புரட்ட நானும் கூடவே பார்த்தேன். எனக்குப் பதிவேடு புதிதல்ல. நான் சத்துணவு அமைப்பாளர், பதிவேடு எழுதித்தான் பிழைக்கிறேன். இன்றைக்கு வந்த பிள்ளைகள் எத்தனை, வெந்த அரிசி எத்தனை கிலோ, அவித்த முட்டை எத்தனை, மிச்சம் எத்தனை, எல்லாம் எழுதியாக வேண்டும். ஒரு முட்டை உடைந்தால்கூட உடைந்தது என்று எழுதாமல் தணிக்கையில் தப்ப முடியாது. முட்டைக்குக் கணக்குக் கேட்கும் இதே அரசாங்கத்தின் இன்னொரு பதிவேட்டில் என் அப்பனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி வந்தது. அப்பா இல்லை. மேலத்தெருப் பெரியவர் ஒருவர் இருந்தார். அப்பாவுக்கு மூன்று நாள் கழித்துச் செத்தவர், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மழையில் அந்தச் சாவுக்கும் எங்கள் ஆட்கள்தான் பறையடிக்கப் போனார்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி, பதிவு எண் என்று ஒரு கட்டம் காலியில்லாமல் அழகான கையெழுத்தில் இருக்கிறார். கார்த்திகை, மார்கழி என்று தள்ளிக்கொண்டே போனோம். பிறகுதான் எனக்கு அது உறைத்தது. உதவியாளரிடம் மறுபடியும் முதலிலிருந்து புரட்டச் சொன்னேன். முகவரிக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். மேலத்தெரு, கீழத்தெரு, அக்ரகாரம், கடைத்தெரு. எங்கள் காலனித் தெரு என்று ஒரு வரி இல்லை. ஆஸ்பத்திரியில் செத்தவர்களை ஆஸ்பத்திரியே பதிந்திருக்கும், அவர்கள் தப்பித்தார்கள். வீட்டில் செத்தவர்களில், அந்த வருஷம் முழுக்க, எங்கள் தெருவில் ஒரு உயிரும் போகவில்லை. அந்த வருஷம் வயிற்றுப்போக்கில் போன என் பெரியம்மா பேத்தி சாகவில்லை. பாம்பு கடித்துப் போன எதிர்வீட்டு அண்ணன் சாகவில்லை. நாங்கள் சாகாவரம் பெற்றவர்கள்.

அந்த அறையில் நான் கத்தவில்லை. உதவியாளர் என் முகத்தைப் பார்க்காமல் கட்டைக் கட்டினார். “பதிவு இல்லைன்னு சான்று தரச் சொல்றேம்மா, அதை வச்சு ஆர்டிஓகிட்ட மனுப் போடுங்க” என்றார்.

வயதானவர்கள் சொல்வார்கள், முன்னே கிராம முன்சீப் இருந்த காலத்தில் ஒழுங்காக எழுதினார் என்று. யாருடைய சாவை எழுதினார் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது. நல்ல காரியம். ஆனால் பதவி ஒழிந்து ஏறக்குறைய முப்பது வருஷம் ஆன பிறகும் எங்கள் தெரு முனையில் அரசாங்கத்தின் வண்டி நின்றுவிட்டது, அதைத்தான் சொல்கிறேன்.

உத்தரப்பிரதேசத்தில் ஆசம்கர் பக்கம் லால் பிஹாரி என்று ஒருவர். உயிரோடு இருக்கும்போதே வருவாய்க் கணக்கில் அவரைச் செத்தவர் என்று எழுதி, நிலத்தை உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1975இலிருந்து 1994வரை போராடித்தான் அவர் கணக்கில் மறுபடி உயிர்பெற்றார். பெயருக்குப் பின்னால் ‘மிருதக்’, அதாவது செத்தவர், என்று சேர்த்துக்கொண்டு, தன்னைப் போன்றவர்களுக்குச் சங்கமே வைத்தார். அவருடைய கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலம் யாருக்கோ கிடைக்கும் என்றால் உயிரோடிருப்பவனைச் சாகடிக்க ஒரு கையெழுத்து போதும். மூன்று சென்ட் ஒரு கிழவிக்குக் கிடைக்கும் என்றால் எரித்துச் சாம்பலானவனைச் செத்தவன் என்று எழுத ஆள் இல்லை.

கொரோனாவில் போனவர்களின் வீட்டாரையும் இப்படித்தான் அலைய விட்டார்கள். 2021இல் 50,000 ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தார்கள். சான்றிதழில் கொரோனா என்று போட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். சாவுக்கான காரணத்தைச் சான்றிதழில் காட்டக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு! எழுதக் கூடாது என்று தடுத்ததும் அவர்கள், எழுதவில்லையே என்று திருப்பியனுப்பியதும் அவர்கள். சான்றிதழில் இல்லை என்ற ஒரே காரணத்தால் பணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது, அந்த அக்டோபர் 4ஆம் தேதி.

ஆர்டிஓ என்கிற கோட்டாட்சியர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருஷம் தாண்டிய சாவைப் பதிய, முன்பு மத்தியச் சட்டப்படி நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டியிருந்தது. 2023இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் கைக்குக் கொடுத்தது. கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், ஏழைக்குச் சுலபம் என்றார்கள். சுலபம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கோட்டாட்சியர் மனுவை வட்டாட்சியருக்கு அனுப்புகிறார், விசாரித்து அறிக்கை தர. வட்டாட்சியர் வருவாய் ஆய்வாளருக்கு. வருவாய் ஆய்வாளர் கிராம நிர்வாக அலுவலருக்கு. தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது மனு.

இப்போதைய கிராம நிர்வாக அலுவலர் சின்னப் பையன், பரீட்சை எழுதி வந்தவன். எங்கள் தெருவுக்குள் வருகிறான், எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. “அக்கா, அப்ப நான் ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன். எதை வச்சு அக்கா நான் எழுதுறது? எழுத்துல ஏதாவது ஒண்ணு குடுங்க” என்கிறான். சுடுகாட்டு ரசீது கேட்கிறார்கள். எங்கள் சுடுகாட்டில் ரசீது கொடுக்க யார் இருக்கிறார்கள்? கொட்டகையே இல்லை. கருமாதிப் பத்திரிகை இருக்கிறதா என்றார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருக்கிறதா என்றார்கள். அன்றைக்கு உலை வைக்கவே கடன் வாங்கினோம், பத்திரிகை அடிப்பதாவது. சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றிக்கொண்டு போனேன். கீழே ‘மறைவு’ என்று தேதி எழுதியிருக்கிறது. ஸ்டுடியோக்காரன் எந்தத் தேதி வேண்டுமானாலும் எழுதுவான் என்றார் வருவாய் ஆய்வாளர். அவர் சொன்னதும் நியாயம்தான், அது வேறு விஷயம்.

“உதவித்தொகையை நிறுத்தினீங்களே, அந்த ஃபைல்ல அவர் செத்த தேதி இருக்குமே சார்?” என்று கேட்டேன்.

“அத்தனை வருஷத்து ஃபைலை எவன்மா வச்சிருப்பான்? கெடு முடிஞ்சா அழிச்சிடுவோம்” என்றார்.

ஆக, என் அப்பா செத்தார் என்பதற்கு அவர்கள் கையால் எழுதிய ஒரே சாட்சியையும் அவர்களே அழித்தார்கள். அழித்துவிட்டு என்னிடம் சாட்சி கேட்கிறார்கள்.

ஒரு வக்கீல், ஏழு வருஷம் தகவல் இல்லாதவரைச் செத்தவராகக் கருதச் சாட்சியச் சட்டத்தில் இடம் இருக்கிறது, காணாமல் போனதாக வழக்குப் போடலாம் என்றார். என் அப்பா எங்கும் காணாமல் போகவில்லை, ஐயா. அலுவலக வாசலில் மனு எழுதும் ஒருவன் இன்னும் சுலபமான வழி சொன்னான். ஐயாயிரம் கொடுத்தால், போன மாசம் செத்ததாகக் காட்டிப் புதிதாகப் பதிந்துவிடலாமாம், 21 நாளுக்குள் என்றால் கேள்வியே கிடையாதாம். அம்மாவிடம் வந்து சொன்னேன். “அந்த மனுசன் ஏகாதசியில போனாரு. அதை மாத்தி எழுதிதான் எனக்கு வீடு வரணும்னா, நான் தார்ப்பாயிலயே கெடக்கிறேன்” என்றாள். உண்மையான சாவைப் பதிய எங்களால் முடியவில்லை, பொய்யான சாவுக்கு விலை நிர்ணயமாகியிருக்கிறது.

2023 திருத்தத்தில் நல்லதும் இருக்கிறது. பதிந்த ஏழு நாளுக்குள் சான்றிதழைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இனிமேல் சாகிறவர்களுக்கு அது. ஏற்கெனவே செத்து, எந்தக் கணக்கிலும் ஏறாத எங்கள் தெருக்காரர்களுக்கு என்ன? பட்டாவுக்கு முகாம் போடுகிறீர்கள், ஆதாருக்கு முகாம் போடுகிறீர்கள். பதியாத சாவுகளுக்கு ஒரு முகாம் போடுங்கள். கோட்டாட்சியர் எங்கள் தெருவுக்கு வரட்டும், முனையில் நிற்காமல் உள்ளே வரட்டும். கிராம சபையைக் கூட்டி, கொள்ளி வைத்தவனையும் பாடை தூக்கியவனையும் கேட்கட்டும். வாக்காளர் பட்டியலில் நீங்களே அடித்த பெயரையும், ரேஷன் கார்டில் நீங்களே மாற்றிய தலைவரையும் சாட்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள். பதியத் தவறியது உங்கள் பதிவாளர். ஆதாரம் கொண்டுவர வேண்டிய பொறுப்பும் உங்களுடையதுதான். எழுபது வயது தாண்டிய என் அம்மாவினுடையது அல்ல.

எங்களைப் போன்ற தெருக்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் பத்து, இருபது வருஷத்துக்கு முன் நடந்த சாவு பதிவில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், தேவை வரும்வரை காத்திருக்காதீர்கள். பணம் கட்டித் தேடச் சொல்வது சட்டம் கொடுத்த உரிமை, யாரும் செய்யும் தயவு அல்ல. இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். என் அப்பாவின் பாடையைத் தூக்கிய நாலு பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். உங்கள் சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய கையெழுத்தை வாங்கி மனுவோடு சேர்த்துவிடுங்கள்.